பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு சென்டர்

என் அண்ணன் மகன் காட்பாடியில் பிளஸ் ஒன் படிக்கிறான். ஆறடி மூணு அங்குலம். வளர்த்தி இன்னும் நின்றபாடில்லை. மார்கழி, தை மாதங்களில், அமெரிக்காவில் ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை ஐந்தரை. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு என்.பி.ஏ. என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பார்ப்பான். டீ போட எழுந்து வரும் அவன் அம்மா, பிள்ளை படிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார். பொங்கலுக்கு நான் போயிருந்தபோது ஆட்டம் முடிந்த கையோடு ஸ்கோர் பட்டியலை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஒரு பெயருக்கு எதிரே இருந்தது இவ்வளவுதான்: 11 நிமிஷம், 2 பாயிண்ட், 3 ரீபவுண்ட், 4 ஃபவுல்.

"சித்தப்பா, இவனுக்குக் கோடிக்கணக்குல சம்பளமாம். இன்னா பண்ணான் இவன்?"

கேள்வி அமெரிக்காக்காரனைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஆட்டக்காரன் இரண்டாவது சென்டர், அதாவது ரிங்குக்கு அடியில் நிற்கிற நெட்டை ஆளுக்கு மாற்று. பள்ளி டீமில் இவனும் அதேதான். பி.டி. சார் இவனை எப்போது இறக்குவார் என்று பெஞ்சில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பவன். எனக்கும் அந்தப் பெஞ்சு புதிதில்லை. வேலூரில் காலேஜ் படித்த மூன்று வருஷமும் ஆறடி ஒரு அங்குலத்தை வைத்துக்கொண்டு நான் பார்த்ததும் அதே உத்தியோகம்தான். காசு மட்டும் கிடையாது.

அந்த 11 நிமிஷத்துக்குள் என்ன நடக்கிறது, அதற்கு ஏன் ஓர் ஆளைச் சம்பளம் போட்டு வைத்துக்கொள்கிறார்கள், அப்படி ஒருவன் பதினைந்து வருஷம் எப்படிப் பிழைக்கிறான் என்று அவனுக்குச் சொல்லத் தொடங்கியது நீண்டுவிட்டது.

முதலில் கணக்கு. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிஷம். ரிங்குக்கு அடியில் நிற்கிற பெரிய உடம்புக்காரனால் அத்தனை நேரமும் ஓட முடியாது. ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் 94 அடி. ஏழடி உயரமும் 110, 120 கிலோ எடையும் உள்ள ஒருவன் அதை ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் ஓடிக் கடக்கிறான். நடுநடுவே குதிக்கிறான், இன்னொரு 120 கிலோவை முதுகால் தள்ளுகிறான். முதல் சென்டருக்கு 34, 36 நிமிஷம்தான் தாங்கும். மிச்சம் 12 நிமிஷம். ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். பெருக்கிப் பார்த்தால் இரண்டாவது சென்டர் ஒரு வருஷம் முழுக்க மைதானத்தில் இருப்பது 16 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். காட்பாடியில் ரயில் ஏறி டில்லி போவதற்குக்கூட அதைவிட நேரம் பிடிக்கும்.

இந்த 12 நிமிஷத்தில் அவனிடம் யாரும் ஆட்டத்தை ஜெயித்துத் தரச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு அண்டாவை இரவல் கொடுத்தால், திரும்பி வரும்போது விளக்கி மினுக்கித் தர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நசுங்காமல் வந்தால் போதும். எட்டுப் பாயிண்ட் முன்னிலையில் முதல் ஆள் வெளியே வந்தால், அவன் தண்ணீர் குடித்துத் துண்டால் முகம் துடைத்துத் திரும்பும்போதும் அது எட்டாகவே இருக்க வேண்டும். இரண்டாகிவிட்டால், போன ஆறை மீட்கவே முதல் ஆளின் அடுத்த பத்து நிமிஷம் செலவாகும். இரண்டாவது சென்டரின் தொழில் இந்த அண்டாவைத் திருப்பிக் கொடுக்கிற தொழில். பட்டியலில் 2 பாயிண்ட், 3 ரீபவுண்ட் என்று இருப்பதை மட்டும் பார்த்தால் இது தெரியாது. பிளஸ் மைனஸ் என்று ஓரமாக ஒரு கட்டம் இருக்கும்: அவன் உள்ளே இருந்த நேரத்தில் அணி எவ்வளவு கூடியது, எவ்வளவு இறங்கியது என்ற கணக்கு. ஒரே ஆட்டத்தின் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சீசன் முழுக்க அது பூஜ்யத்தை ஒட்டி நின்றால் அவன் வேலை நிலைத்தது என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் இதற்குச் சரியான சொல் கூத்தில் இருக்கிறது. வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் ராத்திரி முழுக்கக் கூத்து. வேஷக்காரர் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு அடவு போட்டுச் சுற்றி வருவார். மூச்சு வாங்கும்போது பாட்டு அறுந்துபோக வேண்டும்; அறுவதில்லை. பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரர் அதே அடியை அதே சுருதியில் எடுத்துக்கொள்வார். வேஷக்காரருக்கு மூச்சு திரும்பியதும் விட்டுக்கொடுப்பார். விடிந்து படுகளம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் துரியோதன வேஷத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவார்கள். பின்பாட்டு சரியில்லாத ராத்திரியில் மட்டும்தான் பின்பாட்டுக்காரர் பேச்சில் வருவார்.

சரி, உள்ளே இறங்கி அவன் செய்வதுதான் என்ன? ஸ்கிரீனை எடுத்துக்கொள்வோம். பந்து வைத்திருக்கும் சின்ன ஆளை எதிரணிக்காரன் ஒட்டிக்கொண்டே வருகிறான். பெரிய ஆள் போய் அவன் பாதையில் நின்றுவிட வேண்டும். நிற்பது என்றால் சும்மா நிற்பது இல்லை. கால்களைத் தோள் அகலத்துக்கு ஊன்றி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மோதல் வரும் என்று தெரிந்தே அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் ஃபவுல். இடுப்பை ஒரு அங்குலம் தள்ளினாலும் ரெஃப்ரி விசில் அடிப்பார். ஓடி வருகிறவனின் தோள் நம் விலா எலும்பில் இறங்கும். 'ணங்' என்று சத்தம் வராது; ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தக் கணத்தில் நம் சின்ன ஆளுக்கு இரண்டு அடி இடம் கிடைக்கிறது. உடனே குதிகாலில் திரும்பி, மோதியவனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு ரிங்கை நோக்கி ஓட வேண்டும். பாஸ் வந்தால் நமக்கு இரண்டு பாயிண்ட். பெரும்பாலும் வராது. ஆனால் நாம் ஓடியதைப் பார்த்து எதிரணியின் மூன்றாவது ஆள் ஒருவன் நம்மை மறிக்க உள்ளே வருவான். அவன் விட்டு வந்த மூலையில் நம் ஆள் ஒருவன் தனியாக நிற்பான். அவன் போடுவான். கைதட்டல் அவனுக்கு.

ரீபவுண்டும், அதாவது தவறிய ஷாட்டில் திரும்பி வரும் பந்தை எடுப்பதும், அப்படித்தான். எங்கள் மாஸ்டர் கத்துவார்: "பந்தைப் பாக்காதடா, ஆளைப் பாரு!" ஷாட் கிளம்பியதும் எல்லார் கண்ணும் மேலே போகும். தொழில் தெரிந்தவன் திரும்பி எதிராளியைத் தேடுவான். பின்பக்கத்தைத் தாழ்த்தி, அவன் தொடையில் உட்காருகிற மாதிரி அழுத்திப் பின்னுக்குத் தள்ளுவான். பந்து கீழே வரும்போது அந்த இடத்தில் எதிரணிக்காரர் யாரும் இல்லாமல் இருந்தால் போதும். எடுப்பது நம் டீமில் யாராக இருந்தாலும் சரி. எழுதப்படும் ரீபவுண்ட் எடுத்தவன் பெயரில். நாலு மணி வெயிலில் தண்ணீர் ஊற்றியும் ஆவி பறக்கும் சிமென்ட் தரையில் இதை ஒரு மணி நேரம் பழகிப் பாருங்கள். ஊருக்கு வெயிலூர் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

இங்கே ஒரு ஆற்றாமையைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர்கள். பையனுக்கு 13ஆம் நம்பர் பாஸ்கெட்பால் ஷூ கேட்டு வேலூரில் நான்கு கடை ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் ஷூவைத் தேடாமல் அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆன்லைனில்தான் வந்தது, ஒன்பது நாள் கழித்து.

ஃபவுல் கணக்குக்கு வருகிறேன். பையனுக்கு அதுதான் அவமானமாகப் பட்டது: 11 நிமிஷத்தில் 4 ஃபவுல். என்.பி.ஏ.வில் ஆளுக்கு 6 ஃபவுல் கணக்கு, ஆறாவதோடு வெளியே. நம் ஊரில் ஆடுகிற சர்வதேச விதிப்படி 5. முதல் சென்டருக்கு ஒவ்வொரு ஃபவுலும் கையிருப்பு. சீக்கிரம் தீர்ந்தால் கடைசிக் கட்டத்தில் அவன் இருக்க மாட்டான். இரண்டாவது ஆளுக்கு அது செலவழிக்கக் கொடுத்த சில்லறை. எதிரணியின் பெரிய ஆள் ரிங்குக்கு அடியில் பந்தை வாங்கிவிட்டால் சுலபமாக இரண்டு பாயிண்ட் போட விடுவதைவிட, கையைப் பிடித்து நிறுத்தி, "ஃப்ரீ த்ரோ போட்டுச் சம்பாதி" என்று அனுப்புவது லாபம். ஃப்ரீ த்ரோ என்றால் யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று போடுவது, ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். 1990களில் சென்டர் ஷகீல் ஓ'நீலை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றால் இரண்டுக்கு ஒன்றுதான் உள்ளே போகும். அவர் மொத்த வாழ்க்கைக் கணக்கே 52.7 சதவீதம். சிகாகோ புல்ஸ் அணி லாங்லி, வென்னிங்டன், பெர்டூ என்று மூன்று சென்டர்களை வைத்திருந்தது. மூவரில் ஒருவர்கூட நட்சத்திரம் இல்லை. ஆனால் மூன்று பேர் என்றால் செலவழிக்க 18 ஃபவுல்.

இதை முற்றக் கொண்டுபோனது டல்லாஸ் அணி. 1997 டிசம்பரில் சிகாகோவுக்கு எதிராகப் பப்பா வெல்ஸ் என்ற புது ஆட்டக்காரரை இறக்கி, டென்னிஸ் ராட்மேனைப் பிடித்துக்கொண்டே இரு என்று சொன்னார்கள். ராட்மேன் ஃப்ரீ த்ரோவில் மோசம் என்ற கணக்கு. மூன்று நிமிஷத்துக்குள் வெல்ஸுக்கு ஆறு ஃபவுலும் தீர்ந்தது. ராட்மேன் 12க்கு 9 போட்டுவிட்டார், சிகாகோ ஜெயித்தது. வெல்ஸ் பெரிய ஆள்கூட இல்லை, பாவம். ஆனாலும் அவ்வளவு வேகத்தில் வெளியேறியவர் என்று இன்றைக்கும் அவர் பெயர்தான் சொல்லப்படுகிறது.

இந்தத் தொழிலுக்கு ஆள் வருவது இரண்டு வழியில். ஒன்று, மாடியிலிருந்து படி இறங்கி வருகிறவர்கள். பில் வால்டன் 1977இல் போர்ட்லாந்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 1978இல் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது. பிறகு பாத எலும்புகள் முறிந்தன. சீசன் சீசனாகப் போயின. 1985-86இல் பாஸ்டனுக்கு வந்து, அங்கே இருந்த பெரிய ஆட்களான பாரிஷுக்கும் மெக்ஹேலுக்கும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த ஒரு வருஷம்தான் அவர் 80 ஆட்டம் ஆடினார். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஆடியதில்லை. அணிக்குக் கோப்பை, அவருக்குப் பெஞ்சிலிருந்து வந்து ஆடுகிறவருக்கான விருது. முதலாமவனாக ஆடித் தேய்ந்த கால், இரண்டாமவனாக ஆடியபோது தாங்கியது.

முட்டம்போவின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். காங்கோவில் பிறந்த ஏழடி இரண்டு அங்குலக்காரர். தற்காப்புக்கான விருதை நான்கு தடவை வாங்கியவர். 2004இல் ஹூஸ்டனுக்கு வந்தபோது அங்கே சீனத்து சென்டர் யாவ் மிங் இருந்தார். இவர் அவருக்குப் பின்னால். 2008 பிப்ரவரியில் அணி தொடர்ந்து 12 ஆட்டம் ஜெயித்திருந்த நேரத்தில் யாவின் பாதத்தில் எலும்பு விரிசல் என்று தெரிந்தது. சீசன் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். 41 வயது முட்டம்போ எழுந்து வந்து நடுவில் நின்றார். அணி இன்னும் 10 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தது. மொத்தம் 22. நான்கு வருஷம் யாவின் நிழலில் உட்கார்ந்திருந்த மனிதன் அந்த ஒரு மாதத்துக்காகத்தான் உடம்பை வைத்திருந்தான் என்று தோன்றும்.

இன்னொரு வழி கொல்லைப்புறக் கதவு. நாஸர் முகமது 1998 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது ஆட்களைப் பொறுக்குகிற ஏற்பாட்டில், 29ஆவதாக எடுக்கப்பட்டார். 18 சீசன் ஆடினார், 8 அணிகளில். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எட்டு ஊரில் வீடு, எட்டுப் பயிற்சியாளரிடம் புதுப் பாடம், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். லாரியில் ஸ்டெப்னியைக் கழற்றி அடுத்த லாரியில் மாட்டுகிற மாதிரி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் 2005இல் சீசன் பாதியில் சான் அன்டோனியோவுக்குப் போய்ச் சேர்ந்தவர், அந்த வருஷ இறுதிப் போட்டியில் முதல் ஐவரில் ஒருவராக இறங்கிக் கோப்பை வாங்கினார். ஸ்டெப்னியை மாட்டியபின் மிச்ச தூரம் முழுக்க அதிலேயே போன லாரிகளை நம் சென்னை - பெங்களூர் ரோட்டில் எத்தனை பார்த்திருக்கிறோம்.

யுடானிஸ் ஹாஸ்லெம் நேர் எதிர்: 20 சீசன், ஒரே அணி. 2002 டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. பிரான்சில் ஒரு வருஷம் ஆடி உடம்பை இறக்கி, சொந்த ஊரான மயாமிக்கு 2003இல் வந்தார். ஆறடி எட்டு அங்குலம்; அந்த இடத்துக்குக் குட்டைதான். முதல் பத்து வருஷம் நன்றாகவே ஆடினார், மூன்று கோப்பை. கடைசி ஏழெட்டு வருஷம் அநேகமாக உட்கார்ந்தேதான் இருந்தார். எதற்கு அந்த இடத்தை இவருக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. பயிற்சியாளர் சொன்னால் முறைக்கிற இளம் ஆட்டக்காரன் இவர் சொன்னால் கேட்பான் என்பதுதான் பதில். 2023 ஏப்ரலில் தன் கடைசி லீக் ஆட்டத்தில் 24 பாயிண்ட் அடித்தார், 42 வயதில். இரண்டு மாதம் கழித்து இறுதிப் போட்டியில் சில விநாடி இறக்கினார்கள். அந்த மேடையில் ஆடிய மிக வயதானவர் ஆனார்.

போபன் மரியானோவிச்சை விட்டுவிட்டால் பையன் கோபித்துக்கொள்வான். செர்பியக்காரர், ஏழடி நாலு அங்குலம். உள்ளே விட்ட நிமிஷங்களுக்கு அவர் போட்ட பாயிண்டைக் கணக்குப் பார்த்தால் பெரிய பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில் நிற்பார். பிறகு ஏன் பெரும்பாலான சீசன்களில் பத்து நிமிஷத்தைச் சுற்றியே ஆடவிட்டார்கள்? அந்த உடம்பை இழுத்துக்கொண்டு வெளி வட்டத்துக்கு ஓடி வர அவரால் ஆகாது. எதிரணி அவர் காவல் காக்கும் ஆளை வேண்டுமென்றே அங்கே கொண்டுபோய் நிறுத்தும். 2024 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலஸில் சீசனின் கடைசி ஆட்டம். கடைசிக் கால் பகுதியில் எதிரணிக்காரர் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு ஃப்ரீ த்ரோ தவறவிட்டால் கூட்டத்துக்குச் சிக்கன் சாண்ட்விச் இலவசம். ஹூஸ்டனுக்கு ஆடிய போபன் முதலாவதைத் தவறவிட்டார். கூட்டம் கூச்சல் போட்டது. விரலால் கூட்டத்தைக் காட்டி, சிரித்துக்கொண்டு, இரண்டாவதை வேண்டுமென்றே வெளியே அடித்தார். ஸ்கோர் பட்டியலில் அது தவறிய ஷாட். அரங்கில் அன்றைக்கு அவர்தான் ராஜா.

வெளி வட்டம் என்றேன். இந்தத் தொழிலின் வயிற்றில் அடித்தது அதுதான். அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று பாயிண்ட். இந்த மூன்று பாயிண்ட் கோடு என்.பி.ஏ.வுக்கு வந்தது 1979-80இல். முதல் வருஷம் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் அங்கிருந்து அடித்த ஷாட் சராசரி மூன்றுகூட இல்லை. 2023-24இல் அது 35ஐத் தொட்டது. இடையில் 2001-02இல் விதியை மாற்றினார்கள்: பகுதி பிரித்துக் காவல் காக்கலாம், ஆனால் தற்காப்புக்காரன் யாரையும் காக்காமல் ரிங்குக்கு அடியில் மூன்று விநாடிக்கு மேல் குடியிருக்கக் கூடாது. கோயில் வாசலில் துவாரபாலகர் மாதிரி நின்று பிழைத்த பெரிய உடம்புகளுக்கு அதுவே முதல் நோட்டீஸ்.

2015 இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளீவ்லாந்தின் டிமஃபே மோஸ்காவ் ஏழடி ரஷ்யர். நாலாவது ஆட்டத்தில் எதிரணி கோல்டன் ஸ்டேட் தன் சென்டர் போகட்டைப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு ஆறடி ஆறு அங்குல இகுடாலாவை முதல் ஐவரில் இறக்கியது. உயரமே இல்லாத அணிக்கு எதிராக மோஸ்காவ் 28 பாயிண்ட் அடித்தார். அவர் அணி 103-82 என்று தோற்றது. அவர் அடித்த இரண்டுக்கு அவர்கள் மூன்று அடித்தார்கள். ஓடிப் போய் மறிக்க இவரால் முடியவில்லை. அடுத்த ஆட்டத்தில் அதே மோஸ்காவுக்குக் கிடைத்தது 9 நிமிஷம். 28 பாயிண்ட் அடித்தவனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைக்கிற கணக்கு உலகில் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறதோ தெரியவில்லை. அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் அணி அவருக்கு நாலு வருஷத்துக்கு 6.4 கோடி டாலர் எழுதிக் கொடுத்து, ஒரே சீசனில் கையைச் சுட்டுக்கொண்டு வேறு அணிக்குத் தள்ளிவிட்டது தனிக் கதை.

தப்பியவர்கள் தொழிலை மாற்றிக்கொண்டவர்கள். சென்டர் புரூக் லோபஸ் முதல் எட்டு சீசனில் மொத்தமாக மூன்றே மூன்று 'த்ரீ' போட்டிருந்தார். ஒன்பதாவது சீசனில் 134. பையனிடம் இதைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தான்.

இனி சம்பளம், அவன் கேள்வியே அதுதானே. ஓர் அணி முழு ஒப்பந்தத்தில் 15 பேரை வைத்துக்கொள்ளலாம். நட்சத்திரங்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தில்தான் பெஞ்சு. 2024-25இல் புதிதாக வருகிறவருக்குக் குறைந்தபட்சம் சுமார் 11.5 லட்சம் டாலர். பத்து வருஷம் தாண்டியவருக்குச் சுமார் 33 லட்சம் டாலர், நம் காசில் 28 கோடிக்குப் பக்கம். அப்படியானால் விலை மலிந்த இளம் ஆளைத்தானே அணி எடுக்கும்? அதற்குத்தான் ஒரு ஏற்பாடு. அனுபவஸ்தன் குறைந்தபட்ச சம்பளத்துக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டால், இரண்டு வருஷ அனுபவக்காரனுக்கான தொகை மட்டும் அணியின் கணக்கில் ஏறும். மீதியை லீக் கொடுத்துவிடும். வயதானவன் வேலையிழக்காமல் இருக்கச் செய்த வழி. 35 வயதுப் பெரிய உடம்புகள் பெஞ்சில் நிறைய தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று சீசன் முடித்தால் ஓய்வூதிய உரிமை உண்டு. அதனால் மூன்றாவது சீசனை எப்படியாவது ஓட்டுவதுதான் ஓரத்தில் இருப்பவர்களின் கவலை.

அந்த 15க்குள் வராதவர்கள் பாடு திண்டாட்டம். பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, ஜனவரியிலிருந்து கொடுப்பார்கள். ஒரே அணி ஒரு சீசனில் ஒருவருக்கு இரண்டு தடவைதான் அப்படிக் கொடுக்கலாம். பிறகு முழுசாக எடுக்க வேண்டும், இல்லை விட வேண்டும். பெட்டியைப் பிரிக்காமலே ஓட்டலில் பத்து நாள்.

நம்மவர்கள்? பஞ்சாபின் சத்னாம் சிங், ஏழடி இரண்டு அங்குலம், 2015இல் டல்லாஸ் அணியால் 52ஆவதாக எடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆள். கீழ்நிலை லீக்கில் ஆடினார், என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமல் பிறகு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அம்ரித்பால் சிங் கபடியிலிருந்து வந்தவர். 2017இல் சிட்னி கிங்ஸ் எடுத்து, ஆஸ்திரேலிய லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அங்கும் பெஞ்சுதான். கேலி செய்ய எதுவும் இல்லை. உலகத்தின் அந்தப் பெஞ்சில் உட்கார இடம் பிடிப்பதே எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இந்த இரண்டு பேர் போதும்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு வேறு முகம். கூடைப்பந்து இங்கே வந்தது ஒய்.எம்.சி.ஏ. வழியாக; 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் படித்து வந்த மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போர்டு நட்டார்கள். ஆனால் சம்பளம் கொடுத்தது கிளப் இல்லை, ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க், வருமான வரித் துறை, போலீஸ். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. காலையும் மாலையும் கிரவுண்டு, நடுவில் ஆபீஸ். இந்த டீம்களுக்கும் இரண்டாவது சென்டர் தேவை. ஆறடி அஞ்சு, ஆறு உள்ள பையன்கள் நம்மிடம் அபூர்வம். அதனால் உயரம் இருந்து, சொன்னபடி நிற்கத் தெரிந்தால் கதவு திறக்கும். முப்பத்தைந்தில் முட்டி போனபின் நாஸர் முகமது ஒன்பதாவது ஊரைத் தேட வேண்டும். நம் ஆள் அதே மேஜையில் 60 வரை உட்காரலாம். காசு எங்கே, இது எங்கே என்று சிரிக்கலாம். வேலூரில் விளையாட்டு என்றாலே சத்துவாச்சாரியின் பளுதூக்கும் பிள்ளைகளைத்தான் சொல்வார்கள். 2014, 2018 காமன்வெல்த் தங்கம் சதீஷ் சிவலிங்கம் அங்கேதான். அவர்கள் வீடுகளிலும் முதல் கேள்வி, "வேலை கிடைக்குமா?" என்பதுதான்.

"அப்ப நான் ஸ்டெப்னியா சித்தப்பா?" என்றான்.

"மொதல்ல ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாரு," என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

மாசி மாதம் ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். பள்ளி மைதானம், புதுசாக வெள்ளை அடித்த கோடு, வேப்பமரத்தடியில் ஸ்கோர் மேஜை. மூன்றாவது குவார்ட்டரில் முதல் சென்டர் பையனுக்கு நாலாவது ஃபவுல் விழுந்தது. பி.டி. சார் திரும்பிப் பார்த்தார். இவன் மேல்சட்டையைக் கழற்றும்போது ஸ்கோர் 31-28, நம் பக்கம். ஆறு நிமிஷம் ஆடினான். ஒரு ஷாட் போட்டான், போர்டில் பட்டு வெளியே போனது. இரண்டு ரீபவுண்ட். ஒரு ஸ்கிரீனில் எதிர்ப் பையன் முழு வேகத்தில் வந்து மோதினான். இவன் பல்லைக் கடித்து நின்றது எனக்குத் தெரிந்தது, அந்தப் பக்கம் நம் சின்ன ஆள் தனியாகப் போய் ரிங்கில் போட்டான். எதிர் டீமின் நெட்டைப் பையனை மூன்று தடவை பிடித்து நிறுத்தினான். அந்தப் பையன் ஆறு ஃப்ரீ த்ரோவில் இரண்டுதான் போட்டான். சார் கை காட்டி இவனை வெளியே கூப்பிட்டபோது ஸ்கோர் 37-34.

மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எட்டாம் கிளாஸ் பையன் பென்சிலை நிறுத்தி நிமிர்ந்தான்.

"அண்ணா, உன் நம்பர் இன்னா, பன்னெண்டா பதினாலா? இந்த ஃபவுலெல்லாம் யாரு பேர்ல போடறது?"

"பதினாலு," என்றான் இவன், மூச்சு வாங்க. "மூணும் என் பேர்லயே போடு."